அம்மாவின் ஈட்டிக்காரர்

போன மாதம் என் இளைய மகன் கணினியில் ஏதோ பழங்காலப் போர் விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தான். நான் அவன் அறையில் உடுப்பு மடித்துக்கொண்டு நின்றேன். திரையில் நீண்ட ஈட்டிகளைப் பிடித்த படையொன்று வரிசை வரிசையாக ஒரு மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது. என்னையறியாமல் வாய் திறந்துவிட்டேன்.

“மேட்டில ஏத்தாதை. வரிசை குலைஞ்சுபோம். பிறகு பக்கத்தால வந்து அடிப்பாங்கள்.”

அவன் திரும்பிப் பார்ப்பதற்குள் எதிரியின் குதிரைப்படை பக்கவாட்டில் பாய்ந்துவிட்டது. முன்னுக்கு மட்டும் ஈட்டி நீட்டத் தெரிந்த அந்தப் படை அப்படியே சிதறிப்போனது.

“அம்மா, உங்களுக்கு இது எப்பிடித் தெரியும்?” என்று கேட்டான்.

சிரித்துச் சமாளித்துவிட்டுக் குசினிக்கு வந்தேன். அன்று முழுவதும் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

மகனுக்குச் சொல்லாததை என் வயதுக்காரரான உங்களுக்குச் சொல்கிறேன். நீங்களும் சண்டை தொடங்கிய அந்த வருடங்களில் திருகோணமலையில் பள்ளிக்கூடப் பையோடு திரிந்தவர்கள். ஒழுங்கையில் வாகனம் ஒன்று வேகம் குறைத்தால் பேச்சை நிறுத்திக் காது கொடுத்தவர்கள். இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டோம். எனக்கு இன்னமும் வாசலில் வாகனம் நின்றால் கையில் இருப்பது அந்தரத்தில் நின்றுவிடுகிறது. உங்களுக்கும் அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

அப்போது நாங்கள் லிங்கநகரில் இருந்தோம். அப்பாவுக்குச் சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளில் களஞ்சியப் பொறுப்பு. காலையில் வேலையிடத்து அடையாளப் பாஸை நெஞ்சுப் பைக்குள் வைத்து, அது இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்து, வாசல் படலையடியில் இன்னொருமுறை தொட்டுப் பார்த்துத்தான் சைக்கிளில் ஏறுவார். அண்ணாவுக்குப் பதினேழு வயது. எனக்குப் பதினொன்று. மாரி தொடங்கியிருந்தது. கூரையில் மழை விழும் சத்தத்துக்குள் ஹெலிகொப்டர் சத்தத்தைப் பிரித்தறிய எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அந்த மாரிக்குச் சற்று முன்னர்தான் கப்பல் மாமா விடுமுறையில் வந்துபோனார். அம்மாவின் தம்பி. சரக்குக் கப்பலில் சமையற்காரர். ஒவ்வொருமுறையும் சவர்க்காரமும் சொக்கிளேற்றும் கொண்டுவருவார். அந்தமுறை அண்ணாவுக்கென்று ஒரு பெரிய தட்டைப் பெட்டி கொண்டுவந்தார்.

“சதுரங்கம் மாதிரி ஏதோ எண்டு நினைச்சு வாங்கினனான். திறந்து பாத்தா எனக்கு ஒரு இழவும் விளங்கேல்லை,” என்றார்.

உள்ளே நாலாக மடித்த ஒரு பெரிய படம் இருந்தது. ஆறு, மேடு, காடு, வெளி எல்லாம் கீறி, அதன்மேல் தேன்கூடு மாதிரி அறுகோணக் கட்டங்கள். சிறிய மட்டைத் துண்டுகளில் குதிரைக்காரர், வில்லுக்காரர், யானைகள், நீண்ட ஈட்டிக்காரர். இரண்டு தாயக்கட்டைகளும் ஆங்கிலத்தில் ஒரு தடித்த விதிப்புத்தகமும் இருந்தன. புது மட்டையின் வாசத்தோடு கப்பல் அறையின் பழைய எண்ணெய் வாசமும் சேர்ந்து அடித்தது. இன்றைக்கும் அந்த வாசம் எனக்கு நினைவிருக்கிறது.

அகராதியை வைத்துக்கொண்டு அண்ணா விதிகளைப் படித்தான். அவனோடு சேர்ந்து படித்தவன் தையல் மாமியின் மகன். அடுத்த ஒழுங்கையில் தகப்பனில்லாமல் தாயும் மகனுமாக இருந்தார்கள். தாய் ஊருக்கெல்லாம் பள்ளிக்கூடச் சட்டை தைப்பவர். அவன் எங்கள் வீட்டிலேயே கிடப்பான். குசினி வாசலில் நின்று, “மாமி, ரொட்டி வாசம் கேற்றடி வரைக்கும் வருது,” என்பான். அம்மா உடனே ஒன்றைச் சுருட்டிக் கையில் கொடுப்பார்.

அண்ணாவுக்குக் குதிரைதான் விருப்பம். தையல் மாமியின் மகன் எப்போதும் ஈட்டிக்காரரை எடுப்பான். ஒவ்வொரு ஈட்டியும் எங்கள் குசினியில் இருந்து கிணற்றடி வரை நீளம் என்று எனக்குச் சொன்னான். முன்வரிசையின் தோளுக்கு மேலால் பின்வரிசைகளின் ஈட்டிகளும் நீட்டிக்கொண்டு நிற்குமாம். முன்னால் வருகிற எதுவும் தப்பாது. ஆனால் திரும்ப நேரமெடுக்கும். கரடுமுரடான நிலத்தில் வரிசையில் இடைவெளி விழும். பக்கவாட்டில் ஒருவன் புகுந்துவிட்டால் அந்த நீட்டு ஈட்டியை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய ஏலாது. இவற்றையெல்லாம் அவன் மட்டைத் துண்டுகளை நகர்த்தி நகர்த்திக் காட்டினான். ஒருநாளும் என்னைச் சின்னப் பிள்ளை என்று கலைத்தது கிடையாது.

மழை பிடித்த முதற் கிழமையில் ஒருநாள் அவன் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் தையல் மாமி எங்கள் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தலைமயிர் நனைந்து கன்னத்தில் ஒட்டியிருந்தது.

“தங்கச்சி, அவன் இஞ்ச வந்தவனோ?”

“இல்லையே அக்கா. ஏன்?”

“சைக்கிள் கிடக்கு. ஆளைக் காணேல்லை.”

அந்த நாட்களில் அப்படிக் காணாமற்போன பெடியள் எங்கே போனார்கள் என்று கேட்கத் தேவையில்லை. இயக்கத்துக்குப் போயிருப்பான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அண்ணாவுக்கு ஏதும் தெரியுமா என்று அம்மா அவன் தோளைப் பிடித்து உலுக்கிக் கேட்டார். அவனுக்குத் தெரியாது. தன்னிடம் சொல்லாமல் போய்விட்டான் என்பதுதான் அவனுக்குப் பெரிய நோவு.

அன்றோடு அண்ணா வீட்டுக்குள் அடைபட்டான். கடைக்கு நான்தான் போவேன். பள்ளிக்கூடமும் பாதி நாள் இல்லை. அவன் கூட்டுக்குள் போட்ட மாதிரி அறைக்கும் கிணற்றடிக்கும் நடந்தான். என்னோடு விளையாடினான். நான் ஈட்டிக்காரரை வைத்துக்கொண்டு அவன் குதிரைகளைத் துரத்தப்போவேன். அவன் பின்வாங்குவதுபோல் காட்டி என்னைக் காட்டுக்குள் இழுத்துப் பக்கவாட்டில் அடிப்பான். ஒவ்வொரு நாளும் அதே தோல்வி. அவனுக்கு அலுத்துவிட்டது. ஒருநாள் மத்தியானம் படத்தை மடித்து வைத்துவிட்டு, “இப்பிடி வீட்டுக்க கிடந்து சாகிறதிலும் பாக்க அவன் போன மாதிரிப் போகலாம்,” என்றான்.

அம்மா குசினியில் மாப் பிசைந்துகொண்டிருந்தார். கையைக் கழுவாமலே வந்து அவனுக்கு முன்னால் நிலத்தில் இருந்தார்.

“எனக்குச் சொல்லித்தா.”

“உங்களுக்கோ?”

“ஏன், எனக்கு மூளையில்லையோ? அந்த ஈட்டிக்காரரை எனக்குத் தா.”

இப்படித்தான் அது தொடங்கியது. அம்மா எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். பத்திரிகையில் மரண அறிவித்தலைத் தவிர வேறொன்றும் வாசிக்கமாட்டார். விதிகளை அண்ணா சொல்லச் சொல்லக் கேட்டார். பிறகு தன் ஈட்டிக்காரரைச் சமவெளியில், ஒரு பக்கம் ஆறு, மற்றப் பக்கம் மேடு என்று நெருக்கமாக அடுக்கினார். துண்டுகளுக்கிடையில் ஒரு கட்டம்கூட வெறுமையாக விடவில்லை. வில்லுக்காரரை முன்னால் வைத்தார். குதிரைகளை இரண்டு ஓரத்துக்கும் பின்னால் வைத்தார். வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்.

“அம்மா, நகர்த்துங்கோ.”

“ஏன் நகர்த்தவேணும்? நான் என்ர இடத்திலதானே இருக்கிறன். உனக்குத் தேவையெண்டா நீ வா.”

அண்ணா வந்தான். முன்னால் மோதியவை எல்லாம் அழிந்தன. பின்வாங்கிக் காட்டினான். அம்மா துரத்தவில்லை. வில்லுக்காரரை அனுப்பித் தூரத்திலிருந்து அடித்தான். அம்மாவின் வில்லுக்காரர் திருப்பி அடித்தார்கள். ஆற்றைக் கடந்து வரப் பார்த்தான். தண்ணீருக்குள் நின்ற குதிரைகள் கரையேறும் முன்னே மாட்டிக்கொண்டன. ஒவ்வொரு ஆட்டமும் சமனில் முடிந்தது.

“இப்பிடி நிண்டா ஒருநாளும் வெல்ல ஏலாது அம்மா!”

“தோக்கவும் இல்லைத்தானே.”

“இப்பிடி அடுக்க ஆர் சொல்லித் தந்தது?”

அம்மா ஈட்டிக்காரர் துண்டொன்றை நேராக்கினார். “அந்தப் பெடியன் இப்பிடித்தான் வைக்கிறவன். ரொட்டி சுடேக்க வாசலில நிண்டு பாத்தனான்,” என்றார்.

அண்ணா அதன்பிறகு வெளியே போவது பற்றிக் கதைக்கவில்லை. அம்மாவின் வரிசையை எப்படி உடைப்பது என்று படுத்துக்கொண்டே யோசித்தான். அறையின் நடுவில் படம் விரித்தபடியே கிடந்தது. அதைச் சுற்றித்தான் கூட்டினோம். அப்பாவுக்கு எரிச்சல். “ஊரில சண்டை காணாதெண்டு வீட்டுக்கையும் சண்டையோ? இந்தப் படத்தை ஆரும் கண்டால் என்ன நினைப்பாங்கள்?” என்பார். அம்மா பதில் சொல்லமாட்டார். மகன் கண்ணுக்கு முன்னால் இருக்கிறான். அவருக்கு அது போதும்.

ஒரு பிற்பகல் அண்ணா பொறுமையிழந்து, யானைகள், குதிரைகள், காலாட்கள் எல்லாவற்றையும் ஒன்றாக அம்மாவின் முன்வரிசையில் கொண்டுவந்து மோதினான். ஈட்டிகளில் சிக்கி அவன் படை முழுவதும் அப்படியே நின்றது. அம்மா படத்தைக் கனநேரம் பார்த்தார். பிறகு, அத்தனை நாளும் தொடாமல் வைத்திருந்த குதிரைகளை எடுத்து மேட்டைச் சுற்றிக் கொண்டுபோய் அண்ணாவின் முதுகுப்பக்கம் வைத்தார்.

“இனி?” என்றார்.

அண்ணா பாய்ந்தெழுந்து கத்தினான். “அம்மா! இதுதான்! இதைத்தான் புத்தகத்தில எழுதியிருக்கு! ஈட்டிக்காரர் பிடிச்சு வைச்சிருக்கவேணும், மற்ற ஆக்கள் பின்னால வந்து அடிக்கவேணும்!” தோற்ற பிள்ளை தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரித்தான். அம்மாவுக்கும் சிரிப்பு. கண்ணில் தண்ணி வரச் சிரித்தார். அந்த மாரியில் எங்கள் வீட்டில் கேட்ட பெரிய சத்தம் அதுதான்.

அடுத்த கிழமை இராணுவச் சுற்றிவளைப்பு வந்தது.

விடிகிற நேரம் நாய்கள் எல்லாம் ஒரேயடியாகக் குரைத்தன. ஒலிபெருக்கியில் ஆண்கள் எல்லோரையும் பள்ளிக்கூட மைதானத்துக்கு வரச் சொன்னார்கள். அப்பா பாஸைத் தொட்டுப் பார்த்தார். அண்ணாவின் கையைப் பிடித்துக்கொண்டு போனார். பதினேழு வயதுப் பிள்ளையை அப்பா கைபிடித்துப் போனதை அன்றுதான் பார்த்தேன். அம்மா படலையடியில் நின்றார். மழை தூறியது. நான் எத்தனை தரம் கூப்பிட்டும் உள்ளே வரவில்லை.

மைதானத்தில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஜீப்பில் ஒருவன் முகத்தைச் சாக்கால் மூடிக்கொண்டு இருப்பான். கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. ஊர் அவனைத் தலையாட்டி என்று சொல்லும். பிடிபட்ட பெடியள்தான் பெரும்பாலும். அடிதாங்காமல் அதற்கு வந்தவர்கள். ஒவ்வொருவராக அவனுக்கு முன்னால் நடக்கவேண்டும். அவன் தலையை ஆட்டினால் அந்த ஆளை லொறியில் ஏற்றுவார்கள்.

பின்னேரம் அப்பாவும் அண்ணாவும் திரும்பி வந்தார்கள். அம்மா இருவரையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அப்பா கதிரையில் விழுந்து, “பாஸைக் காட்டினனான். அதுதான் விட்டவங்கள்,” என்றார். அண்ணா அறைக்குள் போய்ப் படுத்தான். சாப்பிடவும் இல்லை.

மறுநாள் மத்தியானம் அவன் குசினிக்குள் வந்தான். நான் மூலையில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

“அம்மா, அது அவன்.”

“ஆர்?”

“ஜீப்புக்க இருந்தது. தையல் மாமியின்ர மகன்.”

அம்மா அடுப்புக்கு முன்னால் அப்படியே குந்தியிருந்தார். “முகம் மூடித்தானே இருந்திருக்கும்?”

“காலைப் பாத்தனான். பந்தடிக்கேக்க முறிஞ்சு வளைஞ்ச பெருவிரல். எனக்குத் தெரியாதோ?”

“அவன் உன்னைக் கண்டவனோ?”

“கண்டவன். கனநேரம் பாத்தவன். எனக்கு முன்னால போன ரண்டு பேருக்குத் தலையாட்டினவன்.” அண்ணா முகத்தை மறுபக்கம் திருப்பினான். “எனக்கு ஆட்டேல்லை.”

அப்போதுதான் அம்மா என்னைப் பார்த்தார். வெளியில் மூச்சு விடாதே என்று சொல்ல அந்தப் பார்வையே போதுமாக இருந்தது.

“மாமிக்குச் சொல்லவேணும் அம்மா. உயிரோட இருக்கிறான், இஞ்சதான், அந்த ஜீப் வந்த டவுன் ஆமிக் காம்பில இருக்கிறான் எண்டு சொல்லவேணும்.”

“நான் பாத்துச் சொல்லுறன். நீ வாயைத் திறக்காதை.”

அப்பாவிடம் அம்மா சொன்னபோது அவர் எழும்பி யன்னலைச் சாத்தினார். “நீர் விளங்காமல் கதைக்காதையும். சொன்னால் அந்த மனுசி உடன காம்புக்கு ஓடும். ஆர் சொன்னது எண்டு கேப்பாங்கள். எங்கட பிள்ளையின்ர பேர்தான் வரும். ஏன் இவனுக்கு மட்டும் தலையாட்டேல்லை எண்டும் கேப்பாங்கள். இயக்கத்துக்குத் தெரிஞ்சாலோ, அந்தப் பெடியனும் இல்லை, தாயும் இல்லை.”

அப்பா சொன்னதில் பிழை கண்டுபிடிக்க இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. முதலில் அண்ணாவை ஊரைவிட்டு அனுப்புவது, அவன் போய்ச் சேர்ந்த பிறகு மாமியிடம் சொல்வது என்று இருவரும் முடிவெடுத்தார்கள்.

அந்த நாட்களில்தான் தையல் மாமிக்கு யாரோ, மகன் மூதூர்ப் பக்கத்துக் காட்டில் நிற்பதாகச் சொல்லியிருந்தார்கள். மூதூரிலிருந்து சனத்தை ஏற்றும் லோஞ்ச் படகு வரும் நேரம் பார்த்து அவர் குடையைப் பிடித்துக்கொண்டு ஜெற்றிக்குப் போவார். இறங்குகிற சனத்திடம் மகனின் அடையாளத்தைச் சொல்லி விசாரிப்பார். போகிறபோதும் வருகிறபோதும் எங்கள் படலையடியில் ஒரு நிமிடம் நிற்பார்.

“இண்டைக்கும் ஒருதருக்கும் தெரியேல்லை தங்கச்சி. மாத்துச் சட்டை ஒண்டு தைச்சு வைச்சிருக்கிறன். ஆரும் அந்தப் பக்கம் போற ஆக்களைத் தெரிஞ்சால் சொல்லு.”

“ஓம் அக்கா, சொல்லுறன்,” என்பார் அம்மா. மகன் இருந்தது நகரத்தின் மற்றப் பக்கத்தில், நடந்து போகிற தூரத்தில். அந்த மனுசி மழைக்குள் கடலைப் பார்த்துப் போகும். அம்மா யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடி நிற்பார். திரும்பி வரும்போது அடுப்பில் வைத்தது கருகிப்போயிருக்கும்.

அறைக்குள் இருந்த அண்ணாவுக்கு இது ஒன்றும் தெரியாது. “மாமிக்குச் சொல்லீட்டீங்களோ?” என்று ஒருநாள் கேட்டான். “ஓம்,” என்றார் அம்மா. “போய்ப் பாத்தவவோ?” “விடுவாங்கள் போல கிடக்கு,” என்றார். அம்மா பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல்தடவை.

மூன்று கிழமைக்குப் பிறகு வழி கிடைத்தது. அப்பாவோடு வேலை செய்த, எண்ணெய்ப் பவுசர் ஓட்டும் சிங்களச் சாரதி ஒருவர் அண்ணாவைத் தன் கிளீனர் என்று சொல்லிக் கொழும்புக்குக் கூட்டிப்போகச் சம்மதித்தார். “பயம் வேணாம் ஐயா. என்ட மகன் போல,” என்றார். அண்ணா எண்ணெய் பிடித்த ஒரு பழைய சேட்டைப் போட்டுக்கொண்டு காலையில் பவுசரின் முன்சீற்றில் ஏறினான். கையசைக்க வேண்டாம் என்று அப்பா சொல்லியிருந்தார். நாங்கள் அசைக்கவில்லை. அவன் போன கையோடு அப்பா அந்தப் பெரிய படத்தையும் மட்டைத் துண்டுகளையும் விதிப்புத்தகத்தையும் அடுப்பில் போட்டார். ஈரலிப்பில் ஊறிய மட்டை எரிய மறுத்துக் குசினி முழுக்கப் புகை.

அடுத்த நாள் அப்பாவின் கந்தோர்த் தொலைபேசியில் அண்ணா போய்ச் சேர்ந்த செய்தி வந்தது. அப்பா வந்து சொன்னதும் அம்மா சேலையை மாற்றினார். “வா,” என்று என்னையும் கூட்டிக்கொண்டு தையல் மாமி வீட்டுக்குப் போனார்.

மாமி மெசினில் இருந்தார். அம்மா கதவைச் சாத்தினார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றையும் ஒளிக்கவில்லை. மெசின் சில்லில் இருந்த மாமியின் கை அசையவில்லை.

“எப்ப கண்டது?”

“மூண்டு கிழமைக்கு மேல அக்கா.”

மாமி தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். அவர் கத்துவார், அம்மாவை அடிப்பார் என்று நான் பயந்து சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அவர், “மெலிஞ்சு போனானோ?” என்று மட்டும் கேட்டார்.

“தெரியாது அக்கா. நான் காணேல்லை.”

மாமி தைத்து வைத்திருந்த சட்டையை எடுத்துக்கொண்டு எழும்பினார். “நானும் வாறன்,” என்றார் அம்மா. அப்பாவின் எச்சரிக்கையெல்லாம் எங்கே போனதோ தெரியாது. இரண்டு பேரும் காம்ப் வாசலில் போய் நின்றார்கள். அன்று கலைத்துவிட்டார்கள். மறுநாளும் போனார்கள். நாலாம் நாள் தமிழ் தெரிந்த ஒருவர் உள்ளே போய்க் கேட்டுவந்து சொன்னார்.

“அந்தப் பெடியன் இஞ்ச இருந்தவன்தான். போன கிழமைதான் வேற இடத்துக்கு ஏத்தினவங்கள்.”

எந்த இடம் என்று அவருக்குத் தெரியவில்லை. பிறகு யாருக்கும் தெரியவில்லை. மாமி கொழும்புக்குப் போனார், பூசாத் தடுப்பு முகாமுக்குப் போனார், போகாத சிறை இல்லை. மகன் திரும்பி வரவேயில்லை.

அன்று காம்பில் இருந்து நடந்து வரும்போது அம்மா றோட்டோரத்தில் குந்திவிட்டார். மாமிதான் கையைக் கொடுத்துத் தூக்கினார். படலையைத் திறக்கும்போது, “உன்ர பெடியன் போய்ச் சேந்திட்டான்தானே?” என்று கேட்டார். அம்மா தலையாட்டினார். மாமி தன் ஒழுங்கைக்குத் திரும்பிப் போனார்.

அதற்குப் பிறகு மாமி எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. முன்பைவிடக் குறைவாகப் பேசினார், அவ்வளவுதான். அவர் வந்தால் அம்மா கதிரையில் இருக்கமாட்டார். நின்றுகொண்டே கதைப்பார். சின்ன வயதில் அதை மரியாதை என்று எண்ணியிருந்தேன்.

சில வருடங்களில் அண்ணா கனடாவுக்குப் போய்விட்டான். டவுனில் தொலைபேசிக் கடை ஒன்று வந்தது. மாதத்தில் ஒருநாள் அவன் அழைப்பதாகச் சொல்லிவைத்த நேரத்துக்கு அம்மாவும் நானும் அங்கே போய் இருப்போம். ஒருநாள் வழியில் கண்ட தையல் மாமியும் எங்களோடு கூட வந்தார். சின்னக் கண்ணாடி அறைக்குள் மூவரும் நெருக்கியடித்து நின்றோம். அண்ணா பெரிய சத்தமாகக் கதைப்பான். எல்லோருக்கும் கேட்கும்.

மாமியும் வந்திருப்பதை அம்மா சொன்னார். “மாமியும் நிக்கிறாவோ?” என்றான். பிறகு, “அம்மா, போற அவசரத்தில திரும்பக் கேக்க முடியேல்லை. நீங்கள் சொன்ன பிறகு மாமி போய் அவனைப் பாத்தவவோ? பாக்க விட்டவங்களோ?”

அம்மா றிசீவரைக் காதோடு இறுக்கிப் பிடித்தார். நான் அம்மாவைப் பார்க்கப் பயந்து நிலத்தைப் பார்த்தேன்.

தையல் மாமி மெதுவாக அம்மாவின் விரல்களை விலக்கி றிசீவரை வாங்கினார்.

“தம்பி, மாமி கதைக்கிறன். ஓம், அம்மா உடனயே வந்து சொன்னவ. அடுத்த நாளே போய்ப் பாத்தனான். சட்டையும் குடுத்தனான். ஓம் ராசா, நல்லாத்தான் இருந்தவன். உன்னைத்தான் கேட்டவன்.”

அந்தப் பக்கத்தில் அண்ணா அழுவது எங்களுக்குக் கேட்டது. மாமி அவன் அழுது முடியும்வரை பொறுத்து நின்றார். பிறகு கேட்டார்:

“அங்க சரியான குளிராமே. உடுக்க என்ன வைச்சிருக்கிறாய்?”